இடப்பக்கத்து மட்கார்டு

எங்கள் குடும்பத்தில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசும் உரிமை நெடுங்காலம் தந்தையார் ஒருவருக்கே இருந்தது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து 1951ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து, டல்ஹௌசி சதுக்கத்து நிறுவனமொன்றில் கணக்கராய் அமர்ந்தவர் அவர். (நகரத்தின் பெயர் 2001ஆம் ஆண்டு மாறிவிட்டது. ஆயினும் எங்கள் வீட்டுப் பேச்சில் அது மாறவில்லை. ஆதலால் இங்கும் கல்கத்தா என்றே எழுதுகிறோம்.) நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து 1962இல் அவர் வாங்கிய கார் 1936ஆம் ஆண்டின் மோரிஸ் எட்டு. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் அந்நாளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுள் கார் வைத்திருந்தோர் மிகச் சிலர். அச்சிலரிலும் தம் வண்டியைத் தாமே கழுவித் தாமே எண்ணெயிட்டுத் தாமே ஓட்டியவர் தந்தையார்தாம் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு.

இளைய தலைமுறையினர் அவ்வண்டியைக் கண்டிருக்க மாட்டார்கள். 918 கன சென்டிமீட்டர் எந்திரம், மூன்றே கியர்கள், கம்பிச் சக்கரங்கள். நான்கு பேர் நெருக்கி அமரலாம். ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியிலிருந்த மோரிஸ் ஆலையிலிருந்து கப்பலேறி வந்தது. இக்காலத்துக் கார்களில் மட்கார்டு என்பது உடலோடு உடலாய் மறைந்துவிட்டது. மோரிஸ் எட்டில் அது தனி உறுப்பு. முன் சக்கரத்தின்மேல் யானைத் தலைபோல் உருண்டு எழுந்து, பின்னர்ச் சரிந்து நீண்டு, கால் வைத்து ஏறும் பலகையில் போய் முடியும். அந்த வளைவுக்காகவே அவ்வண்டியை விரும்புவோர் உலகெங்கும் உளர்.

பழைய கார்களைப் பேணுவோரிடையே 'வின்டேஜ்' என்ற சொல்லுக்குக் கண்டிப்பான எல்லையுண்டு. இங்கிலாந்துக் கணக்கின்படி 1930ஆம் ஆண்டின் முடிவோடு அக்காலம் முடிந்துவிட்டது; எங்கள் வண்டி ஆறாண்டு பிந்தியது. நம் நாட்டில் மைய அரசு 2021 ஜூலையில் வகுத்த விதிப்படியோ, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, பெருமாற்றங்கள் செய்யப்படாத வண்டி எதுவாயினும் வின்டேஜ்தான். 'மூல வடிவு' என்ற இந்தச் சொல் பின்னால் எங்களைப் படுத்தியது.

தந்தையார் 2009இல் மறைந்தார். அதன்பின் கார், வீட்டின் பக்கத்துச் சந்தில் தகரக் கொட்டகையில் நின்றது. மாதம் ஒருமுறை எந்திரத்தை இயக்குவோம், அவ்வளவே. 2020 மே 20ஆம் நாள் மாலை ஆம்பன் புயல் நகரத்தைக் கடந்தபோது, வங்காளிகள் கிருஷ்ணசூடா என்றழைக்கும் செம்மலர் மரம் ஒன்று வேரோடு பெயர்ந்து அக்கொட்டகையின்மேல் விழுந்தது. கல்கத்தாவில் அன்றிரவு விழுந்த மரங்கள் ஆயிரக்கணக்கானவை. நான்கு நாள் மின்சாரமின்றி இருந்தோம். ஐந்தாம் நாள் தகரத்தை விலக்கிப் பார்த்தால், கண்ணாடிகூட உடையவில்லை. இடப்பக்கத்து முன் மட்கார்டு மட்டும் நடுவில் மடிந்து, ஓரம் கிழிந்து, மிதித்த தகர டப்பாவைப்போல் கிடந்தது.

ஊரடங்குக் காலம். தென்புறத்துப் பட்டறை ஒன்று அதனைச் சீர்செய்து தருவதாகக் கூறிக் கழற்றிக்கொண்டு போயிற்று. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, ஆட்கள் ஊருக்குப் போனதாகவும், இடத்தைக் காலிசெய்த குழப்பத்தில் பழைய இரும்போடு அதுவும் போய்விட்டதாகவும் சொன்னார்கள். முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதற்குமேல் அவர்களிடம் கேட்க எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பக்கம் மட்கார்டு இல்லாத அவ்வண்டி, ஒரு காது அறுபட்ட நாய்க்குட்டிபோல் நின்றது.

அவ்வாறே நின்றிருக்கவும் கூடும். ஆனால் 2021இல் வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்ட முடிவு செய்தார். அன்னையாருக்கு அப்போது அகவை எண்பத்து நான்கு. எங்களுள் இளையவன் இருக்கும் சென்னைக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. எழுபதாண்டு கல்கத்தா வாழ்க்கையை ஒரு லாரியில் ஏற்றும் வேலை. பாத்திரம் பண்டங்களுக்கு இடம் பார்த்தோம், புத்தகங்களுக்குப் பார்த்தோம், காருக்கு இல்லை. 'எவருக்காவது கொடுங்கள்; எடைக்கு மட்டும் போடாதீர்கள்' என்று தந்தையார் சொல்லியிருந்தார். சால்ட் லேக்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் வாங்கிக்கொள்ள முன்வந்தார். ஆனால் முழு வண்டியாக இருந்தால்தான் என்றார். நாங்கள் ஒரு மட்கார்டைத் தேடிப் புறப்பட்டது, வண்டியை வைத்துக்கொள்வதற்காக அன்று, பிரிவதற்காகத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மல்லிக் பஜாரைக் கல்கத்தாத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கார் உறுப்பு எதுவாயினும் அங்கே கிடைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஆம்பாசடரின் கதவும் மூடியும் விளக்கும் அடுக்கடுக்காய் இருந்தன. அவ்வண்டி 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்று போனதாயினும் அதன் எலும்புகள் இன்னும் அந்தச் சந்துகளில் இருக்கின்றன. மோரிஸ் எட்டின் எலும்பு ஒன்றும் இல்லை. இங்கிலாந்திலிருந்து கண்ணாடி இழையில் வார்த்த மட்கார்டு வரவழைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இளையவனுக்கு அது பிடித்திருந்தது. வாங்குபவர் கேட்டு, கூடாது என்றார். தகடுதான் வேண்டும்.

கடைக்காரர் ஒருவர்தாம் எங்களை உஸ்தாதிடம் அனுப்பினார். பார்க் சர்க்கஸ் பக்கம், இருவர் எதிரெதிரே நடக்க இயலாத சந்து. எழுபதைக் கடந்த மெலிந்த மனிதர். வலக்காது சரியாகக் கேளாது. நம் ஊரில் இவ்வேலையை டிங்கரிங் என்போம். இங்கே டென்டிங் என்பார்கள். அவர் அவ்விரண்டையும் ஏற்பதில்லை. 'டென்டிங் என்பது நசுங்கியதை எடுப்பது. நான் இல்லாததை உண்டாக்குகிறவன்' என்றார். இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. கூலி வேறுபடும் என்பதற்காகச் சொன்னார். பதினான்காயிரம் ரூபாய், தகடு எங்கள் செலவு, காலக்கெடு கேட்கக் கூடாது. வலப்பக்கத்து மட்கார்டைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும்.

ஒரு பக்கம் இருந்தால் மறு பக்கம் செய்வது எளிதென்று எண்ணியிருந்தோம். வலக்கைச் செருப்பைப் பார்த்து இடக்கால் செருப்பைத் தைப்பதுபோன்ற வேலை அது என்று பின்னர்த்தான் விளங்கிற்று. ஒரு வளைவை அளந்தால் போதாது. அதனைக் கண்ணாடியில் திருப்ப வேண்டும்.

உஸ்தாத் முதலில் சுத்தியலைத் தொடவே இல்லை. பழுப்புக் காகிதத்தை வலப்பக்கத்து மட்கார்டின்மேல் விரித்து, காந்தத் துண்டுகளை வைத்து நிறுத்தி, உள்ளங்கையால் தடவித் தடவிப் படியவைத்தார். உருண்ட இடத்தில் காகிதம் எப்படிப் படியும்? ஓரங்களில் சுருக்கம் விழுந்தது. அச்சுருக்கங்களை மடித்து ஒட்டினார். வேறோரிடத்தில் காகிதம் இழுத்துப் பிடித்தது. அங்கே கத்தியால் கீறி, பிளவு அகல விட்டார். எங்களோடு வந்திருந்த அன்னையார் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரவிக்கைக்கு டாட் பிடிக்கிறார்டா!" என்றார். ஐம்பதாண்டு வீட்டில் தையல் எந்திரம் வைத்திருந்தவர் அவர். உஸ்தாதுக்கு அதனை இந்தியில் சொன்னோம். "அம்மாஜி சரியாகச் சொல்கிறார். துணியை வெட்டித் தைக்கலாம். இரும்பில் வெட்டினால் தையல் தெரியும். காகிதம் எங்கே சுருங்கிற்றோ அங்கே தகட்டைச் சுருக்க வேண்டும். எங்கே கிழிந்ததோ அங்கே நீட்ட வேண்டும்" என்றார்.

இத்தொழிலின் சூத்திரம் இவ்வளவுதான். தகட்டை வளைப்பதென்பது ஒரு திசையில் மட்டும் வளைப்பதாயின் யாரும் செய்யலாம். உருளையில் சுற்றினால் வளையும். இரு திசையிலும் ஒருங்கே வளைந்த பரப்பு வேண்டுமெனில், தகட்டின் நடுப்பகுதி மெலிந்து பரவ வேண்டும், அல்லது ஓரம் தடித்துக் குறுக வேண்டும். இரண்டும் அளவோடு கூட வேண்டும். கௌலியில் 1926ஆம் ஆண்டிலேயே தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கும் பேராலை ஒன்று எழுந்துவிட்டது. அத்தகைய எந்திரம் ஓர் அழுத்தில் ஈனும் உருவத்தை, பார்க் சர்க்கஸில் ஒரு முதியவர் பதினேழு நாளில் செய்ததை நாங்கள் கண்டோம்.

காகிதத்தைத் திருப்பிப் போட்டார், வலப்பக்கம் இடப்பக்கமாயிற்று. வளைவின் குறுக்குவெட்டை மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக அட்டையில் வெட்டி எண்ணிட்டு வைத்துக்கொண்டார். முழு மட்கார்டையும் ஒரே தகட்டில் அடிக்க முடியாதென்று மூன்று துண்டாகப் பிரித்தார். தகடு பதினெட்டு கேஜ், ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனம். ஆழ இழுப்பதற்கென்றே ஆலைகள் உருட்டும் மென்மையான எஃகுத் தகடு கடையில் கிடைக்கிறது. அதையே வாங்கித் தந்தோம். அவரோ அதனை விரலால் சுண்டிப் பார்த்து, பழைய ஆம்பாசடர்க் கூரைத் தகடாக இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று முனகினார்.

பட்டறைக் கருவிகளைப் பட்டியலிடுவதற்கு ஒன்றுமில்லை. நடுவில் குழி தோண்டிய மரக்கட்டை. முக்கால் பங்கு மணல் நிரம்பிய தோல் பை. ஓரடி நீளத் தண்டவாளத் துண்டு. பேரிக்காய் வடிவில் மரச் சுத்தியல். நான்கைந்து இரும்புச் சுத்தியல். கைக்கடக்கமான டாலிகள், அதாவது தகட்டின் அடியில் கொடுக்கும் இரும்புக் கட்டிகள். பெரிய பட்டறைகளில் இரு சக்கரங்களுக்கிடையே தகட்டைச் செலுத்தி வளைக்கும் 'இங்கிலீஷ் வீல்' உண்டு. அவரிடம் இல்லை. இடமும் இல்லை.

மணற்பையின்மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கியதும் எங்களுக்கு அச்சமாகிவிட்டது. அடித்த இடமெல்லாம் குழி. ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்தாற்போல் நெளிவு. வாங்கிய தகட்டை வீணாக்குகிறார் என்றே தோன்றிற்று. அவர் அந்நெளிவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். நெளிவின் இரு பக்கத்தையும் நெருக்கி ஒரு கூரை மடிப்பாக்கி, அது மேலே சாய்ந்து படிந்துவிடாதபடி நுனியிலிருந்து உள்நோக்கிச் சிறுசிறு அடியாக அடித்து அதனை அதற்குள்ளேயே அமுக்கினார். மடிப்பு மறைந்தது, அவ்விடத்து உலோகம் தடித்தது, ஓரத்தின் நீளம் குறைந்தது. ஓரம் குறையக் குறைய நடு எழுந்தது. அடி வாங்கிய தகடு கடினப்படும். அப்போது எரிவாயு விளக்கால் செஞ்சூடு காட்டித் தானே ஆறவிட்டு, மீண்டும் இளக்கி அடித்தார்.

தந்தையார் கும்பகோணத்துக் கன்னார்களைப்பற்றி அடிக்கடி சொல்வதுண்டு. பித்தளைத் தகட்டை அடித்துக் குடமாக்கும் ஓசை கேட்டே தாம் விடியலில் விழித்ததாகச் சொல்வார். உஸ்தாதின் பட்டறையில் அமர்ந்திருந்த நாள்களில் அப்பேச்சு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே கலைதான். பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்னுமூரில் பித்தளைப் பாத்திரம் அடிக்கும் டட்டேராக்களின் கைவினையை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, மகிழ்ச்சிதான். கார்ப் பட்டறைச் சந்துகளில் அதே வேலையைச் செய்வோரை எப்பட்டியலிலும் எவரும் சேர்ப்பதாகத் தெரியவில்லை. கையில் கிரீஸ் இருந்தால் அது கலையாகாது போலும்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நாங்கள் போனபோது உஸ்தாத் வேலையை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தார். வலப்பக்கத்து மட்கார்டைத் திருப்பிப் போட்டு, உட்புறத்துத் தார்ப் பூச்சைச் சுரண்டியிருந்தார். "இது கம்பெனி மால் இல்லை" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கை அருகே கொண்டுவந்து காட்டினார். தார்ப் பூச்சுக்கு அடியில், நடுவில் குறுக்காக, பற்றவைத்த கோடு ஒன்று ஓடிற்று. அதனைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய சுத்தியல் தடங்கள், மழை நின்ற குளத்து மணல்போல். ஆலை அச்சில் பிறந்த தகட்டில் அவை இரா. "இதுவும் கல்கத்தாவில் செய்ததுதான். நல்ல கை. என்னுடைய உஸ்தாதின் கை அன்று. அவர் ஓரக் கம்பியை வேறு விதமாக மூடுவார். யாரோ" என்றார்.

தந்தையார் தம் காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று எத்தனை விருந்தினர்களிடம் கூறியிருப்பார்! வெள்ளைக்காரர் காலத்தில் நேர்ந்திருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு, வீட்டில் வந்து அன்னையாரிடம் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அவர் செய்ததுதான்" என்றார்.

1967, ஆவணி மழை. ஒரு திருமண வீட்டிலிருந்து இருவரும் திரும்பி வரும் வழியில், கடியாஹாட்டில் நனைந்த டிராம் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கி விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டது. நாங்கள் அன்று பாட்டியுடன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் வண்டியை எங்கோ கொண்டுபோய் விட்டு, எந்திரம் பழுது என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து வந்தது. "யாரிடமும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கேட்கவும் இல்லையே நீங்கள்" என்றார் அன்னையார். சிரித்தாரா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

லேக் கரையில் 1963இல் எடுத்த நிழற்படம் ஒன்று எங்கள் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தந்தையார், அன்னையார், மடியில் நாங்கள், பின்னால் கார். அதனைச் சட்டத்திலிருந்து எடுத்து உஸ்தாதிடம் கொண்டுபோனோம். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். படத்திலுள்ள வலப்பக்கத்து வளைவு, விளக்குக்கு அருகே சற்றுத் தட்டை. இப்போதுள்ளது அவ்விடத்தில் ஒரு விரற்கடை உருட்சி மிகுந்தது. 1967இல் அடித்தவருக்கு அப்படித்தான் அழகாகப் பட்டது போலும். ஐம்பதாண்டுக்குமேல் அப்படத்தையும் வண்டியையும் ஒருங்கே பார்த்த எங்கள் கண்ணுக்கு அவ்வேறுபாடு ஒரு நாளும் தெரியவில்லை.

இப்போது எதைப் பின்பற்றுவது? படத்திலுள்ளதே கௌலியின் மூல வடிவு. ஆனால் அதன்படி இடப்பக்கத்தைச் செய்தால் வலப்பக்கத்தோடு ஒவ்வாது. இளையவன் சென்னையிலிருந்து தொலைபேசியில், இரண்டையுமே படத்தின்படி புதிதாய்ச் செய்துவிடலாம் என்றான். உஸ்தாத் தலையசைத்தார். நன்றாயிருக்கும் ஒன்றை உடைத்து வேறொன்று செய்ய மாட்டேன் என்றார். முன்பு வண்டியில் இருந்த இடப்பக்கத்து மட்கார்டு ஆலையினதாகவே இருந்திருக்கும். அவ்வகையில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அவ்வண்டி ஒவ்வாத இரு கன்னங்களோடு ஓடியிருக்கிறது. இறுதியில் வலப்பக்கத்துக்கு ஒப்பவே இடப்பக்கமும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அன்னையார்.

மூன்று துண்டுகளையும் எரிவாயு வெல்டிங்கால் இணைத்தார். இப்போது எங்கும் வழங்கும் சிஓடூ வெல்டிங் விரைவானது. ஆனால் அதன் தையல் கடினமாகி, அடித்தால் விரிசல் விடும் என்பது அவர் கருத்து. எரிவாயுத் தையல் மென்மையாய் இருக்கும். சூட்டோடு அடித்துத் தகட்டோடு தகடாய்க் கரைத்துவிடலாம். நிரப்பும் கம்பியாக அதே தகட்டின் ஓரத்தில் நறுக்கிய நாடாவையே பயன்படுத்தினார். வெல்டிங் சூட்டில் தகடு கோணும். கோணிய இடத்தைத் தட்டி நீட்டுவார். மிகையாய் நீண்டு தொளதொளத்த இடத்தைச் சுருக்குவார். அந்தச் சுருக்கல் வேடிக்கையானது. நாணயம் அளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சுவார். சூடேறிய உலோகம் விரிய முயலும். சுற்றிலும் குளிர்ந்த தகடு இடங்கொடாது. ஆகவே அது அவ்விடத்திலேயே தடிக்கும். உடனே ஈரத் துணியை வைப்பார். புஸ்ஸென்று புகை, தகடு இழுத்துக்கொண்டு விறைக்கும்.

அதன்பின் நாள் கணக்கில் ஒரே ஓசை. அடியில் டாலி, மேலே சுத்தியல். இரண்டும் தகட்டை நடுவில் வைத்து நேராகச் சந்தித்தால் மணியோசை. விலகி அடித்தால் மொத்தென்ற ஓசை. கேளாத காதுடைய மனிதர் இவ்வோசையை எப்படிப் பிரித்தறிகிறார் என்று வியந்தோம். கையால் கேட்கிறாராம். மேடுபள்ளம் அறியவும் கண்ணை நம்புவதில்லை. கைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய பழந்துணியை வைத்துத் தடவுவார். வெறுங்கை ஒட்டும், துணி வழுக்கிக்கொண்டு போகும்போது மயிரிழை மேடும் தெரியும். எங்களையும் தடவிப் பார்க்கச் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீள அரத்தை ஓர் இழுப்பு இழுத்தார்: மேடான இடங்கள் பளிச்சென்று மின்னின, பள்ளங்கள் கறுத்தே நின்றன. அவர் விரல் வைத்துக் காட்டிய இடங்கள்தாம் அவை.

விளிம்பில் கம்பியை வைத்துத் தகட்டை அதன்மேல் சுருட்டி மூடினார். தையலோரத்தில் எஞ்சிய நுண்பள்ளங்களுக்கு ஈயம் ஏற்றினார். இக்காலத்துப் பட்டறைகள் பட்டியை அரை அங்குல கனத்துக்கு அப்பி, அதனைச் செதுக்கி உருவாக்கிவிடுகின்றன. இரண்டு மழைக்காலத்தில் அது பெயர்ந்து விழும். ஈயக் குச்சி விளக்குச் சூட்டில் வெண்ணெய்போல் இளகுவதைக் கண்ட அன்னையார், ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரை நினைவுகூர்ந்தார். அது வெள்ளீயம்; இது காரீயம் கலந்தது, சமையலுக்கு ஆகாது. ஆனால் துணியால் துடைத்து வழித்த கை ஒரே கைதான்.

வண்டியில் பொருத்திய நாளில், பதினொரு துளைகளில் ஒன்று மட்டும் சிறிது விலகியிருந்தது. உஸ்தாத் அதற்காக அரைநாள் வருந்தினார். எங்களுக்கு அதுவே நிம்மதியாயிருந்தது.

இனி வாங்குபவர். அவர் கேட்டது மூல வடிவிலுள்ள வண்டி. இடப்பக்கம் புதிதென்பது அவருக்குத் தெரியும். வலப்பக்கமும் கையால் அடித்ததென்று சொல்ல வேண்டுமா? எங்களுக்குள் இதனைப்பற்றி மூன்று இரவு பேச்சு நடந்தது. சட்டப்படி மட்கார்டு மாற்றியது பெருமாற்றமாகாது என்றான் இளையவன். அது சரியாகவும் இருக்கலாம். சொல்லாவிட்டால் எவருக்கும் தெரியப் போவதில்லை. தந்தையாரே சொல்லாமல்தானே இருந்தார்? இந்த வாதத்தைக் கேட்டதும் அன்னையார் கடிந்துகொண்டார். "அவர் மறைத்தது அவர் பெருமைக்காக. நீங்கள் மறைப்பது பணத்துக்காக. இரண்டும் ஒன்றா?" என்றார். மேலும் சொன்னார்: "ஐம்பத்தைந்து வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. வண்டி வீட்டை விட்டுப் போகும்போதாவது சொல்லிவிட்டுப் போகட்டும்."

சொன்னோம். அவர் மட்கார்டின் அடியில் குனிந்து கைவிளக்கால் நெடுநேரம் பார்த்தார். மூன்று நாள் விடையில்லை. நான்காம் நாள், பேசிய விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். கூலியைக் காட்டிலும் பன்மடங்கு தொகை அது. எங்களுக்கு நோகவில்லை என்று எழுதினால் பொய்யாகும். உஸ்தாதிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, தம் வேலையால் விலை குறைந்ததே என்று அவர் வருந்துவார் என எண்ணினோம். அவர், "பழையதையும் என் வேலை என்று நினைத்தாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். சற்று ஏமாந்தவர்போல் காணப்பட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள் அவரிடமிருந்து வந்தது. இரு மட்கார்டுகளின் அடிப்புறத்திலும் தார் பூச வேண்டாம். சிவப்பு ஆக்சைடு மட்டும் இருக்கட்டும். பார்க்கத் தெரிந்தவன் குனிந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்றார். கல்கத்தா மழைக்கு அது போதாது என்று எங்களுக்குத் தெரியும். ஆயினும் அவ்வாறே விட்டோம். காகித அச்சையும் எண்ணிட்ட அட்டைகளையும் நினைவாகக் கேட்டோம், தரவில்லை. வண்டி உங்களுடையது, அச்சு பட்டறையுடையது என்று சொல்லிப் பரணில் செருகிவிட்டார்.

2022 பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கார் போயிற்று. அதற்குமுன் அன்னையாரை அமர்த்தி லேக்கைச் சுற்றி ஒருமுறை ஓட்டி வந்தோம். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. கடியாஹாட் பக்கம் திரும்பட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், வேண்டாம் என்றார்.

அடுத்த மாதம் அவர் சென்னைக்குப் போனார். எங்களுள் ஒருவர் இன்னும் கல்கத்தாவில்தான் இருக்கிறோம். ஆடி பிறந்தால் தொலைபேசியில் அன்னையாரின் முதற் கேள்வி மழையைப் பற்றியதாக இருக்கிறது. தண்ணீர் தேங்கிற்றா, வேலைக்காரி வந்தாளா என்பனவற்றுக்குப் பின், "அந்தத் தகட்டுக்குச் சிவப்பு வண்ணம் மட்டுந்தானே பூசினார்?" என்பார். கார் நல்ல கூரையின்கீழ்தான் நிற்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் என்கிறோம்.